தண்ணீர் வேண்டாத தோட்டம்

எங்கள் தேயிலை எஸ்டேட்டின் ஒரு மூலையை வாங்கிப் பல்கலைக்கழகம் கட்டினார்கள். கட்டி முடித்ததும் அதற்கு ஒரு பாலைவன மரத்தோட்டம் வேண்டுமாம். நாளுக்கு இரண்டு தரம் மழை கொட்டுகிற மலையில்! வன்னி, பேரீச்சை, கருவேலம் என்று நாற்பது கன்றுகள் லோரியில் வந்து இறங்கின. மழை பட்டால் அழுகிவிடும் என்று, தக்காளித் தோட்டத்துக்குப் போடுவது போல மேலே பிளாஸ்டிக் கூரை போட்டார்கள். ‘சொட்டுத் தண்ணீரும் ஊற்றாத தோட்டம்’ என்று பலகையும் நட்டார்கள்.

காவலுக்கு நான்.

“ஒரு கன்னு செத்தாலும் வேலை போயிடும், பாஞ்சாலைக்கா. தண்ணி ஊத்துனாலும் போயிடும்,” என்றார் இயக்குநர் டாக்டர் கோகிலன்.

வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். மகள் குமுதாவுக்கோ அடுத்த வருடம் பரீட்சை.

மழையையும் மறைத்து, தண்ணீரையும் நிறுத்தினால் கன்று எதைக் குடிக்கும்? படித்தவர்களுக்கு இது கூடவா தெரியாது? மூன்றாம் வாரமே இலை சுருண்டது. காலை ஆறு மணிக்கு, ஆள் வருமுன், கூரையில் வடிந்த மழைத் தண்ணீரையே வாளியில் பிடித்து ஊற்றினேன். ஒரு வருடம் ஊற்றினேன். கன்றுகள் ஜம்மென்று வளர்ந்தன.

தண்ணீரே ஊற்றாமல் வளர்த்ததற்காகத் தோட்டத்துக்கு ஒரு வெளிநாட்டு விருது கிடைத்துவிட்டது. அதைக் கொடுக்க வெள்ளைக்காரர் ஒருவர் வந்தார். மேடையில் கோகிலன் என் கழுத்தில் மாலை போட்டார்.

“தண்ணியே வேண்டாத தோட்டத்துக்கு ஆள் எதுக்கு? அடுத்த மாசத்திலேருந்து நல்லா ரெஸ்ட் எடுங்கக்கா,” என்று என்னிடம் மைக்கை நீட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“தினமும் நான்தான் தண்ணி ஊத்துனேன்! கூரைக்குப் பின்னால வாளி இருக்கு, போய்ப் பாருங்க!”

என்ன சொல்கிறாள் என்று வெள்ளைக்காரர் கேட்டார். கோகிலன் கொஞ்சமும் கூசாமல் இங்கிலீஷில் சொன்னார், இந்தக் கன்றுகளை நான் பெற்ற பிள்ளைகளாக நினைக்கிறேனாம். தமிழ் தெரியாத கூட்டம் முழுதும் எழுந்து நின்று கைதட்டியது.

குவார்ட்டர்ஸைக் காலி செய்து, பக்கத்து ஊரான ரிங்லெட்டில் ஒற்றை அறைக்குக் குடிபோனோம். அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே உட்கார்ந்து குமுதா படித்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் கோகிலனைத் திட்டித் தீர்த்தேன்.

ஒரு மாதத்தில் அவரிடமிருந்தே போன் வந்தது.

“அக்கா, இலையெல்லாம் கொட்டுது. விருதுக்காரங்க மறுபடி வராங்க. யாருக்கும் தெரியாம வந்து ஊத்துங்களேன்.”

“வரேன் சார். குவார்ட்டர்ஸ் சாவியக் குடுங்க. அன்னைக்கு நான் பேசினத வெள்ளைக்காரர்கிட்ட அப்படியே சொல்லுங்க.”

“ஐயோ, அது முடியாதேக்கா. என் வேலையே போயிடும்.”

“வாளி அங்கயேதான் இருக்கு சார். காலையில ஆறு மணிக்கு நீங்களே போயிடுங்க. ஆள் பார்க்காம ஊத்தணும்.”