எக்ஸ்றேயில் தெளிந்த நெஞ்சு

கோணேஸ்வரியின் மார்பில் இருந்த கட்டி புற்றுநோய்தான் என்று தெரிந்த அன்றே, அவள் புருஷன் தங்கத்துரை மனதுக்குள் அவளைப் பறிகொடுத்துவிட்டான். பிள்ளைகளை இனி யார் பார்ப்பது என்று அவன் தமக்கை கேட்டபோது, நிலாவெளி ஊரில் இரண்டாந்தாரமாக ஒரு பெண்ணைப் பேசி வைக்கவும் தலையாட்டினான்.

நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அறிய நெஞ்சுக்கு எக்ஸ்றே எடுத்தார்கள். டாக்குத்தர் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நுரையீரலிலே ஒண்டுமில்லை, பரவின மாதிரித் தெரியேல்லை. கொழும்பிலே ஒப்பரேசன் செய்தால் தப்புறதுக்கு நல்ல இடமிருக்கு,” என்றார்.

கோணேஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தங்கத்துரைக்கோ, நிலாவெளிக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்ற யோசனைதான் முதலில் வந்தது. அதை நினைக்க அவனுக்கே உடம்பு கூசியது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் மெதுவாகச் சொன்னாள்: “மச்சாள் பொம்பிளை பார்த்தது எனக்குத் தெரியுமப்பா. பிள்ளையளுக்காகத்தானே எண்டு பேசாமல் இருந்தனான்.”

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“நானே போய் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டு வாறன்,” என்றான்.

“ஓம், இண்டைக்கே போங்கோ. அந்தப் பிள்ளையும் பாவம், காத்துக்கொண்டு இருக்கும்.”

வீட்டுக்குத் திரும்பும் சல்லிச் சந்தியில் அவள் தனியே இறங்கி நடந்தாள். அவன் குனிந்த தலை நிமிராமல் அதே பஸ்ஸில் நிலாவெளிக்குப் போனான்.