கிசெலா ஓடாதவரை

அரியரத்தினம் ஒரு தீவிலிருந்து வந்தவர் என்பதால் அவருக்குப் படகு தெரிந்திருக்கும் என்று நொவாக் தானாகவே முடிவு செய்துவிட்டார். இந்த மனிதர் கொண்டாவிலில் பிறந்து, சங்கக்கடையில் கணக்கெழுதி, ஒரேயொரு தடவை ஊர்காவற்றுறைக்குப் 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறி அதிலும் சத்தி எடுத்தவர் என்பது நொவாக்குக்கு எப்படித் தெரியும்? அது அவர் மனைவி புஷ்பராணிக்குத் தெரியும். அன்று அவருடைய தலையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான்.

எண்பத்தாறாம் ஆண்டு இலையுதிர் காலம். அகதி என்று ஏற்றுக்கொண்டு கடிதம் வந்த கையோடு முகாமை விட்டு வெளியேறும்படியும் சொல்லிவிட்டார்கள். ஜெர்மனியில் எசனுக்கு வடக்கேயிருந்த அந்தச் சிறு நகரத்தில் தொலைபேசியில் காலியாக இருந்த வீடுகளெல்லாம் இவர்கள் படியேறிப் போய்க் கதவைத் தட்டும்போது யாருக்கோ கொடுபட்டுவிட்டன. அரியரத்தினம் கோப்பை கழுவிய தொழிற்சாலைக் கன்டீனில் தினமும் கோப்பி குடிக்க வரும் மேற்பார்வையாளர்தான் நொவாக். காலமான மாமனாரின் படகு ஒன்று அவருக்கு வந்து சேர்ந்திருந்தது. பெயர் கிசெலா, மாமியாரின் பெயர். குளிர்காலத்தில் ஆளில்லாமல் கிடந்தால் படகு பழுதாகிவிடும், வாடகை வேண்டாம், இருந்து பார்த்துக்கொண்டால் போதும் என்றார்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" என்று புஷ்பராணி கேட்டாள்.

"ஓமெண்டு சொன்னன்."

"படகு தெரியுமெண்டோ?"

"அவர் அப்பிடிக் கேக்கேல்லை. நானும் தெரியாதெண்டு சொல்லேல்லை."

கால்வாயோரம் இருந்த படகுத்துறையில், வரிசையின் கடைசியில், கிசெலா கட்டியிருந்தது. உள்ளே நிமிர்ந்து நிற்க இடமுண்டு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் திரும்ப இடமில்லை. நிலக்கரி ஏற்றிய பெரிய படகு கால்வாயில் போகும் ஒவ்வொரு முறையும் கிசெலா ஆடும். அடுப்பிலிருக்கும் கேத்தில் ஒரு பக்கம் நகரும், அரியரத்தினம் மறுபக்கம் நகர்ந்து சன்னலைத் திறப்பார். முதல் கிழமையே அவர் கன்டீனில் மேலதிக வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். முதலாளிக்கு அவர்மேல் நல்ல அபிப்பிராயம் உண்டாயிற்று.

ஆகவே படகு புஷ்பராணியின் பொறுப்பாயிற்று. காலையில் எழுந்ததும் தரைப்பலகையைத் தூக்கி, அடியில் ஊறியிருக்கும் தண்ணீரைக் கைப்பம்பால் இறைப்பாள். மூச்சுக்காற்றெல்லாம் கூரையில் வேர்த்துத் தலையணையில் சொட்டும், அதைத் துடைப்பாள். குழாய் உறைந்துவிட்டால் துறையின் படகுக் கிளப் கட்டடத்திலிருந்து கான்களில் தண்ணீர் சுமப்பாள். கயிறு தேய்கிற இடத்தில் பழைய துணியைச் சுற்றுவாள். தை மாதத்தில் கால்வாய் இறுகியபோது, ஐஸ் படகை நெரிக்காதபடி சுற்றிவர நீண்ட தடியால் உடைத்துவிட வேண்டும் என்று துறைப் பொறுப்பாளர் டைக்மன் செய்து காட்டினார். மறுநாள் அவர் வந்து பார்த்தபோது பக்கத்துப் படகைச் சுற்றியும் உடைபட்டிருந்தது.

"இதையும் ஏன் உடைத்தீர்கள்?"

"உடைக்கத் தொடங்கினேன். எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை," என்றாள் தனக்குத் தெரிந்த ஜெர்மனில்.

டைக்மன் சிரித்தார். அவர் சிரித்ததை அந்தத் துறையில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லையாம். அன்று அவளும் மனமிளகி அவருக்கு நாலு கடலை வடை சுட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொருவராய் வந்து தங்கள் படகுச் சாவியையும் அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். மாசி முடிவதற்குள் அரைவாசித் துறை அவள் கையில் இருந்தது. ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் "உங்கள் கணவர் பெரிய கடலோடியாமே?" என்றுதான் விசாரித்தார்கள். நொவாக்கின் வேலை.

வந்த புதிதில் விலாசப் பதிவுதான் பெரும் கரைச்சலாய் இருந்தது. பதிவு அலுவலகத்திலிருந்து ஒரு மெலிந்த அதிகாரி நேரில் வந்து, சப்பாத்தைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்தபடி படகினுள் நின்றார். ஓடக்கூடிய படகு வாகனம், வாகனத்தை விலாசமாகப் பதிய முடியாது என்று விளக்கினார். ஓடாத படகென்றால் நிலையான வதிவிடம் என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது.

"எஞ்சின் செத்துப் பல வருஷம்," என்றார் கூட வந்திருந்த நொவாக், கேட்டு முடிக்குமுன்பே. அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த நிம்மதி புஷ்பராணிக்குச் சற்று அதிகமாய்ப் பட்டது.

அதிகாரி எஞ்சினின் திறப்பைத் திருகிப் பார்த்தார். கிசெலா மூச்சுவிடவில்லை. அன்மெல்டுங் என்கிற விலாசப் பதிவு கிடைத்தது.

சித்திரையில், படகுகள் எல்லாம் வரிசையாகக் கால்வாயில் இறங்கும் ஆண்டுத் தொடக்க நாள் வந்தது. கிளப்காரர்கள் கொடி கட்டினார்கள், பியர்ப் பீப்பாய் வைத்தார்கள். டைக்மன் மேடையேறி, இந்தக் குளிர்காலத்தில் ஒரு படகுகூடப் பழுதாகாததற்குக் காரணமான குடும்பத்துக்குத் துறை ஒரு பரிசு வைத்திருக்கிறது என்றார். புஷ்பராணி சந்தைக்குப் போன நேரங்களில் அவர் கிசெலாவுக்குள் நுழைந்து எஞ்சினைத் திருத்தியிருக்கிறார். கடலோடி ஒருவரை ஓடாத படகில் வைத்திருப்பது தங்களுக்கு வெட்கம் என்று சொல்லித் திறப்பைத் திருகினார். கிசெலா இருமி, கறுப்பாய்ப் புகைவிட்டு, பிறகு சீராக உறுமத் தொடங்கியது.

எல்லோரும் கை தட்டினார்கள். தட்டாமல் நின்றவர்கள் மூன்று பேர்.

யாரோ அரியரத்தினத்தின் தலையில் கப்டன் தொப்பியொன்றை வைத்துச் சுக்கானுக்குத் தள்ளிவிட்டார்கள். அவர் நொவாக்கின் காதருகே குனிந்தார்.

"எனக்கு ஓட்டத் தெரியாது. ஒருநாளும் ஓட்டினதில்லை."

நொவாக் வெளிறிப்போயிருந்தார். "எனக்கும்தான்," என்றார். "படகு ஆடினாலே எனக்குக் குமட்டும். எஞ்சினின் வயரை நான்தான் கழற்றி வைத்தேன். மனைவி கோடைக்குக் கோடை ஹொலண்டுக்குப் போவோம் என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள்."

பின்னாலிருந்த படகுகள் ஹோர்ன் அடித்தன. "இஞ்சாருங்கோ, அங்காலை தள்ளி நில்லுங்கோ," என்று புஷ்பராணி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். அவளும் ஓட்டியதில்லை. ஆனால் வரிசையில் உள்ள படகுகளில் அரைவாசியை அவள் குளிர்காலம் முழுக்கப் பக்கத்திலிருந்து பார்த்தவள். டைக்மன் அருகில் நின்று, இடம், வலம், மெல்ல என்று சொல்லச் சொல்ல அவள் திருப்பினாள். கிசெலா பாலம்வரை போய்த் திரும்பியது. வழியில் ஒரு மிதவையை மட்டும் இடித்தது. அரியரத்தினமும் நொவாக்கும் பின்தட்டில் ஆளுக்கொரு வாளியுடன் உட்கார்ந்திருந்தார்கள். கரையிலிருந்து பார்த்தவர்கள் அதை மீன்பிடி என்று நினைத்தார்கள்.

அடுத்த வாரம் உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. தொப்பியோடு அரியரத்தினம். கீழே: "சிலோனின் கப்டன் கிசெலாவை மீண்டும் ஓடவைத்தார்." புஷ்பராணியின் முழங்கை மட்டும் ஓரத்தில் தெரிந்தது. மெலிந்த அதிகாரியும் அந்தப் பத்திரிகையைத்தான் வாசிப்பவர். படகு ஓடுவது உறுதியாகிவிட்டபடியால் பதிவு இரத்தாகிறது என்று கடிதம் வந்தது.

டைக்மனுக்கு விஷயம் தெரிந்தபோது மனிதர் உடைந்துபோனார். எஞ்சினை மறுபடி கெடுத்துத் தருகிறேன் என்று ஸ்பானரோடு வந்தார். அவள் அவரை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாள்.

"இப்ப என்ன செய்யிறது?" என்று அரியரத்தினம் கேட்டார்.

"வாங்கோ, வீட்டு அலுவலகத்துக்குப் போவம். ஆளைச் சந்திக்க ஒரு டெர்மின் எடுப்பம்."

வீட்டு அலுவலகத்துப் பெண் கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். இத்தனை மாதமும் வதிவிடம் உள்ளவர்கள் என்பதால் இவர்களின் விண்ணப்பம் அடியில் கிடந்ததாம். இப்போது சட்டப்படி வீடற்றவர்கள், ஆகவே முன்னுரிமை. வைகாசி பிறந்து சில நாட்களில், மூன்றாம் மாடியில் இரண்டு அறையும் பல்கனியுமாக ஒரு வீடு கிடைத்தது.

குடிபோன அன்று நொவாக் தன் காரில் சாமான் ஏற்றிவந்தார். அவருடைய மனைவி ஹொலண்டுக்கு நாள் குறித்துவிட்டாளாம்.

மாலையில் எதிர்வீட்டு அம்மா வாசலில் வந்து நின்று, எங்கிருந்து வருகிறீர்கள் என்று மெதுவாக விசாரித்தாள்.

"படகில் இருந்து," என்றார் அரியரத்தினம், களைப்பில்.

அந்த அம்மாவின் கண் கலங்கிவிட்டது. டெலிவிஷனில் பார்த்திருக்கிறேன், அகதிப் படகுகள், நடுக்கடலில், எத்தனை நாள், ஐயோ கடவுளே என்று அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே ஓடிப்போய், சூடு ஆறாத அப்பிள் கேக் ஒன்றை முழுசாகக் கொண்டுவந்து கொடுத்தாள்.

கதவைச் சாத்திய பிறகு புஷ்பராணி கேட்டாள்: "நாங்கள் பிளேனிலை வந்தனாங்கள் எண்டு சொல்லியிருக்கலாமே?"

"சொல்லலாம்தான்," என்று அவர் கத்தியைத் தேடினார். "முதல்ல இதைச் சாப்பிடுவம்."

கேக் நன்றாயிருந்தது. அவள் இரண்டாம் துண்டும் எடுத்துக்கொண்டாள்.