ஆளில்லா எழுபத்தொன்று

வெயில் ஏறத் தொடங்கிய முற்பகல். வெண்தூண்கள் அணிவகுத்த பல்கலைக்கழக மன்றத்தின் படிகளில், கரும்பறவைக் கூட்டம் வந்திறங்கியது போல் பட்டம் பெறுவோர் அங்கியணிந்து நிறைந்திருக்க, பெற்றோர் கழுத்தை நீட்டி நீட்டித் தத்தம் பிள்ளையைத் தேட, நகைப்பொலி கடலெனப் பொங்கிய அவ்வேளையில், தேர்வுப் பிரிவின் கண்காணிப்பாளர் மட்டும் பழைய பதிவேடொன்றை மார்போடு அணைத்தபடி, தூணின் நிழலில் தானும் ஒரு நிழலாக நின்றாள். மறுநாள் காலையில் அப்பதிவேடு பழந்தாளைக் கூழாக்கும் அரைவை ஆலைக்குப் போகிறது. போய்விட்டால் அவள் குற்றத்துக்குச் சான்றில்லை.

பட்டத்துக்கு இருபத்துநான்கு தாள்கள். ஒன்று குறைந்தாலும் பட்டமில்லை, ஏழாண்டு கடந்தால் எழுதியவை யாவும் செல்லா. திருத்துவோர் ஆளறியாதிருக்க, விடைத்தாளில் பெயர் எழுதிய தலைச்சீட்டைக் கிழித்தெடுத்து, சீட்டுக்கும் தாளுக்கும் ஒரே மறைவெண் இடுவது அவள் பணி. பதினொரு ஆண்டுகளுக்கு முன் ஒரு சீட்டு இழுப்பறையின் பின்னே விழுந்தது. அதை அவள் அறியவில்லை. திருத்தப்பட்டு வந்த மதிப்பெண்களுள் எழுபத்தொன்று மட்டும் உரியவரின்றி நிற்க, சீட்டில்லாத ஒரு மாணவியின் எண்ணுக்கு எதிரே 'வரவில்லை' என்று எழுதினாள். முடிவு வெளியான மறுவாரம் சீட்டு கிடைத்தது. வேலை போய்விடும் என்றஞ்சி அதைப் பதிவேட்டுக்குள் புதைத்தாள். வருகைத்தாளைப் பாருங்கள் என்று மன்றாடிய மாணவியை, "எல்லாம் பாத்தாச்சு, போம்மா" என்று திருப்பினாள். எழுதியதை மீண்டும் எழுதேன் என்று மாணவியும் முரண்டு பிடிக்க, ஏழாண்டு ஓடிற்று. அன்றுமுதல் வீட்டுக் கதவிலக்கத்தில், பேருந்தின் நெற்றியில், எங்கு எழுபத்தொன்றைக் கண்டாலும் கண்காணிப்பாளரின் நெஞ்சு திடுக்கிட்டது.

அம்மாணவியோ இன்று இம்மன்றத்தில் அங்கி உடுத்திவிடுபவள். வாயில் ஊசிகளைக் கவ்வியவாறே சிரித்தாள்.

"என்ன மேடம், வருஷா வருஷம் அந்தத் தூணையே பிடிச்சுட்டு நிக்கிறீங்க? விட்டா மண்டபம் விழுந்துடுமா?"

கண்காணிப்பாளர் பதிவேட்டைத் திறந்தாள். பழுத்த சீட்டில் மாணவியின் கையெழுத்து.

"நீ எழுதியிருந்தம்மா. தப்பு என்னோடது."

ஊசிகள் ஒவ்வொன்றாய் உள்ளங்கைக்கு வந்தன. "மார்க்?"

"எழுபத்தொண்ணு."

"அடேயப்பா! நாப்பது தேறினா போதும்னு இருந்தேன்." சிரிப்பு பாதியில் நின்றது. "பரீட்சைக்கே போகாம ஊர் சுத்திட்டேன்னு எங்கம்மா கடைசிவரைக்கும் நினைச்சாங்க. அப்படியே போய்ச் சேந்துட்டாங்க. உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ரிசல்ட் வந்த மறு வாரம்."

அங்கி உடுத்துபவள் ஊசிகளை முந்தானையில் குத்திக்கொண்டாள். எதிரே காத்திருந்த மங்கையின் தோளில் அங்கியை இட்டு, "நிமிந்து நில்லும்மா" என்றவள், திரும்பாமலே சொன்னாள்: "நீங்களும்தான் மேடம். மேடையில பெரியவங்க எல்லாரும் உக்காந்திருக்காங்க. போய்ச் சொல்லுங்க. மைக்ல சொல்லுங்க."

கண்காணிப்பாளர் படியேறினாள். பதினொரு ஆண்டு தாங்கிய தூணை விட்டு விலகியும் மண்டபம் விழவில்லை. 'வரவில்லை' என்னும் சொல்லை அடிக்க ஒரு கோடு போதும். ஆயின் அச்சொல்லை நம்பியே கண்மூடிய தாய்க்கு அக்கோட்டைக் காட்ட, எந்தப் பல்கலைக்கழகத்தில் வழியுண்டு?