தொண்டைக்குள் சிக்கிய தாடை

எனக்கு அந்த வாயைப் பிடிக்கவே பிடிக்காது. எட்டு மாதமாக அதன் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். எந்தக் காலத்திலோ அழிந்துபோன கடல்மீன். தலை மட்டும் பாறைக்குள் கிடைத்தது. பாறையைத் தேய்த்து எலும்பை வெளியே கொண்டுவருவது என் வேலை. நான் வேலை பார்க்கும் இந்த அருங்காட்சியகத்தின் தலைவர் என் கூடப்பிறந்த அண்ணன்.

முதலிலிருந்தே பாறைக்கு வெளியே தெரிந்த முன்வாயில் சீப்பு மாதிரி நெருக்கமான பற்கள். அதை வைத்து, தண்ணீரை வடிகட்டிப் பொடி உயிர்களை மட்டும் தின்ற சாது என்று அண்ணன் பன்னிரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறார். நாளைக்கு இந்த மீனைக் காட்சிக்கு வைக்கும் திறப்பு விழா. பள்ளிக் குழந்தைகள் வருகிறார்கள்.

இன்று காலை தொண்டைப் பக்கத்தைத் திறந்தேன். மேலும் கீழும் பற்கள், எல்லாம் உள்நோக்கி வளைந்தவை. உள்ளே போனது திரும்பி வர வழியே இல்லை. அவற்றின் நடுவே விரல் நீளத்தில் ஒரு தாடை சிக்கியிருந்தது. அதிலும் அதே சீப்புப் பற்கள். தன் இனத்துக் குஞ்சையே விழுங்கியிருக்கிறது, சனியன்.

அண்ணன் வந்து பூதக்கண்ணாடியில் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று.

"வேற யாராவது பாத்தாங்களா?"

"இல்லண்ணா."

"தேச்சு அழிச்சுடு."

"இந்த மீன்ல உலகத்துக்கே இது ஒண்ணுதான் இருக்கு. போனா போனதுதான்."

"உன்னை வேலைக்குச் சேத்தது யாரு? என் மானத்தை வாங்காதே."

தேய்த்தேன். வெட்கங்கெட்டவள், சொன்னபடியே தேய்த்தேன். தாடை மாவாக உதிர்ந்தது. முகமூடியையும் மீறி அந்தத் தூசி நாக்கில் ஒட்டியது. துப்பித் துப்பிப் பார்த்தேன், போகவில்லை.

அடியில் இன்னொரு சின்னத் தாடை தெரிந்தது. அதை ஒட்டி மூன்றாவது.

"அதையும்," என்றார் அண்ணன்.

கருவியை அவர் கையில் திணித்தேன். "நீங்களே தேய்ங்கண்ணா."

அதை எந்தப் பக்கம் பிடிப்பதென்றே அவருக்குத் தெரியவில்லை. மேசைமேல் போட்டுவிட்டு, கைக்குட்டையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டார். மீனைவிட அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

"சாயங்காலத்துக்குள்ள முடி. இல்லேன்னா நாளைக்கு வராதே," என்று சொல்லிவிட்டுப் போனார்.

'கடலின் சாது' என்று அவர் அச்சடித்து வைத்திருந்த அட்டையைத் திருப்பினேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பெரிய எழுத்தில் எழுதி, தலையோடு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

"இதன் தொண்டையில் மூன்று குஞ்சுகள் இருந்தன. ஒன்றை நான் தேய்த்து அழித்தேன்."