எட்டாவது வெப்பமானி

நாளைக் காலை எட்டு மணிக்குக் கிரேன் வரும் என்று ரேடியோ தொலைநோக்கி நிலைய இயக்குநர் சொல்லிவிட்டார். ஆன்டெனாவின் உச்சியில் இருக்கும் புது ஏற்பியை இறக்கிக் கிடங்கில் போட்டுவிட்டு, பழையதை மேலே ஏற்றுவார்கள். கிடங்குக்குள் போனது எதுவும் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. அந்தப் பெட்டியை உருவாக்க ஆறு வருடம் பாடுபட்ட பொறியாளர், கட்டுப்பாட்டு அறையில் கை ஓடாமல் கால் ஓடாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஏற்பி செய்கிற வேலை ஒன்றுதான். வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பெரிய கிண்ணம் ஒரு புள்ளியில் குவித்துக் கொடுக்கும். அந்தப் புள்ளியில் உட்கார்ந்திருக்கும் பெட்டி, குவிந்ததைப் பெருக்கிக் கீழே அனுப்பும். ஆனால் வருவது அவ்வளவு மெல்லியது. பெட்டியின் சொந்தச் சூடு எழுப்பும் இரைச்சலே அதை அமுக்கிவிடும். அதனால்தான் உள்ளே மைனஸ் இருநூற்றைம்பது டிகிரிக்குக் குளிர வைத்திருந்தார்கள். சூரியன் தலைக்கு மேல் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. பகலிலும் கேட்கும், மழையிலும் கேட்கும்.

தொல்லை வேறு. திரையில், வெட்டிவிட்ட புல்தரை மாதிரி ஒரே மட்டமாக இருக்கவேண்டிய கோட்டில், 5.88 விநாடிக்கு ஒரு தடவை ஒரு முள் முளைத்தது. சில நட்சத்திரங்கள் அப்படிச் சீராகத் துடிக்கும். அவற்றைத் தேடத்தான் இந்த ஏற்பியே. தேடுகிற கருவியே துடித்தால் எதை நம்புவது?

முள் வெளியிலிருந்து வரவில்லை என்பதை முதல் வாரத்திலேயே உறுதிசெய்துவிட்டாள். ரேடியோ அலைகளை விழுங்கும் கறுப்பு நுரைப்பஞ்சால் ஏற்பியின் வாயை அடைத்தார்கள். வானம் மறைந்தது, முள் மறையவில்லை. அப்படியென்றால் பெட்டிதான் தனக்குத்தானே பேசிக்கொள்கிறது. பிறகு நான்கு மாதம் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தாள். விசிறி, விளக்கு, கிண்ணத்தைத் திருப்பும் மோட்டார், கதவின் பூட்டு எல்லாம் ஆயிற்று. முள் அசையவில்லை. போதாததற்கு இடைவெளியும் மாறியது. முதலில் 5.66, பிறகு 5.77, இப்போது 5.88. சூட்டுக்குத் தகுந்தபடி ஓடும் ஏதோ ஒன்றுதான் இப்படி மெதுவாகும் என்று நினைத்தாள். குளிரூட்டியை மட்டும் அணைக்க முடியாது, அணைத்தால் பெட்டி சூடேறி, அந்த இரைச்சலில் முள்ளே மூழ்கிவிடும். எனவே சந்தேகமெல்லாம் அதன்மேல் போய் உட்கார்ந்தது. அதைக் கையும் களவுமாகப் பிடிக்க அதன் குழாய்களில் கூடுதலாக வெப்பமானிகள் பொருத்தச் சொன்னாள். ஆறு ஏழாகி, ஏழு எட்டாகியிருந்தது. ஒன்பதாவது மேஜைமேல் பிரிக்காமல் கிடந்தது.

காலை பதினோரு மணிக்கு அண்ணி உள்ளே வந்தாள். அண்ணனின் மனைவி, இந்த இடத்தில் ஃபிட்டர். ஆன்டெனாவில் ஏறி முறுக்குவது, கழற்றுவது எல்லாம் அவள் கைதான். வழக்கமாகக் கதவைத் தோளால் இடித்துக்கொண்டு வருகிறவள், இன்று கைப்பிடியைத் திருப்பித் திறந்தாள். கையில் ஏறுவோர் பதிவேடு.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கத்தாம கேட்பியா?"

"நான் எப்ப அண்ணி கத்தியிருக்கேன்?"

"போன வாரம். பிரிண்டரைப் பார்த்து."

"அது கத்தல் இல்ல, புத்திமதி. சொல்லுங்க."

அண்ணி உட்காரவில்லை. "உன் முள்ளு அறுபத்தாறுலேர்ந்து எழுபத்தேழு ஆனது என்னைக்கு?"

"போன மாசம் பதினாலாம் தேதி சாயங்காலம் பார்த்தேன்."

"எண்பத்தெட்டு?"

"இந்த மாசம் மூணாம் தேதி."

அண்ணி பதிவேட்டைத் திருப்பி அவள் முன்னால் வைத்தாள். பதினாலு காலை, மூணு காலை. இரண்டு இடத்திலும் அண்ணியின் கையெழுத்து.

"வேற நாளும் ஏறியிருக்கேன். ஆனா பெட்டியோட வெளிமூடியைத் திறந்தது இந்த ரெண்டு நாள்தான். திறந்துட்டு இறங்கினா அன்னைக்கே மாறிடுது. என் கைதான் எதையோ கெடுத்திருக்கு. கிரேன் வர்றதுக்கு முன்னாடி நானே போய் இயக்குநர்கிட்ட சொல்லிடுறேன். தப்பு பெட்டி மேல இல்ல, பொருத்துனவ மேலன்னு."

"வேலைக்கு ஆபத்தாயிடும் அண்ணி."

"ஆகட்டும். ஆறு வருஷம் நீ சாப்பாட்டு மேஜையில அதைப் பத்தியே பேசி எங்க உயிரை வாங்கின. அது கிடங்குக்குப் போனா எங்களுக்கும்தானே கஷ்டம்."

பொறியாளர் தேதிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அந்த ரெண்டு நாளும் மேல என்ன பண்ணீங்க?"

"நீ சொன்னதைத்தான். ஒரு வெப்பமானி வெச்சேன். அடுத்த தடவை இன்னொண்ணு."

ஒன்றுக்கு 0.11 விநாடி. ஆறுக்கு 0.66, ஏழுக்கு 0.77, எட்டுக்கு 0.88.

வெப்பமானிகளைக் கவனிக்க மேலே ஒரு குட்டிக் கணினி உண்டு. அது ஒவ்வொன்றிடமும் வரிசையாகப் போய் 'எவ்வளவு சூடு?' என்று கேட்கும். ஒருவரிடம் கேட்டுப் பதில் வாங்க 0.11 விநாடி. எல்லோரிடமும் கேட்டு முடித்ததும் ஐந்து விநாடி ஓய்வு. மறுபடி எழுந்து முதலிலிருந்து தொடங்கும். எழும் கணத்தில் கம்பியில் ஒரு மின்துடிப்பு ஓடும். அந்த நிரலை எழுதியதே அவள்தான். அதை மட்டும் அணைத்துப் பார்க்கவில்லை. ஒரு நிமிடம் வெப்பநிலை வராவிட்டால் பாதுகாப்புக்காக ஏற்பி முழுவதும் நின்றுவிடும், அதனால் பட்டியலிலேயே அது இல்லை. திருடனைத் தேடுகிறவர்கள் கையிலிருக்கும் டார்ச்சையா சந்தேகப்படுவார்கள்? நான்கு மாதமாகத் திருடனை டார்ச்சாகப் பிடித்துக்கொண்டு, வெளிச்சம் போதவில்லை என்று இன்னும் மூன்று வாங்கியிருக்கிறாள்.

"உட்காருங்க அண்ணி. இப்ப எட்டாவதை விட்டுட்டுக் கேக்கச் சொல்றேன். முள்ளு எழுபத்தேழுக்கு வந்தா..."

"வந்தா?"

"வரட்டும், சொல்றேன்."

வந்தது. 5.77. ஏழாவதையும் விடச் சொன்னாள். 5.66.

அடுத்து கேள்விகளை முழுவதும் நிறுத்தினாள். ஒரு நிமிடத்துக்குள் திரும்பத் தொடங்கிவிட வேண்டும். அண்ணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். பத்து, இருபது, முப்பது. எட்டு முட்கள் வந்திருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடு. ஐம்பதில் பொறியாளர் விரலை அழுத்தினாள். முள் திரும்பி வந்தது.

"வெப்பமானிகிட்ட கேட்டா, அது உன் பெட்டிக்குள்ள எப்படிக் கேக்கும்?"

"பக்கத்துக் கம்பியில ஒட்டிக்கிட்டுப் போயிருக்கணும். வெப்பமானி வயரை எப்படிக் கட்டினீங்க?"

"பெருக்கிக்கு மின்சாரம் போற வயரோட, ஒரே கட்டா. உன் படத்துல அப்படித்தான் இருந்துச்சு. பார்க்க அழகாவும் இருந்துச்சு."

பொறியாளர் படத்தை எடுத்து விரித்தாள். அப்படித்தான் இருந்தது. கீழே அவளுடைய கையெழுத்து.

பன்னிரண்டு மணிக்கு அண்ணி இடுப்பில் பட்டையை மாட்டிக்கொண்டு ஏறினாள். அங்கே கைபேசி கூடாது, அதுவே வானத்தைவிட உரக்கக் கத்தும். கம்பி போட்ட தொலைபேசிதான். ஒரு மணி நேரம் அதில் அண்ணியின் மூச்சும் வெட்டுக்குறட்டின் சத்தமும் படத்தைப் பற்றிய வசவும் மாறி மாறி வந்தன. வெப்பமானி வயர்களைப் பிரித்து, ஓர் உலோகக் குழாய்க்குள் நுழைத்து, பெட்டியின் அடுத்த பக்கத் துளை வழியாகக் கொண்டுபோனாள்.

"கட்டிட்டேன். பாரு."

பார்த்தாள். எட்டு வெப்பமானியும் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. கோடு மட்டமாகக் கிடந்தது. அரை மணி நேரத்துப் பதிவை 5.88 விநாடித் துண்டுகளாக நறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். ஒளிந்திருக்கும் முள் எவ்வளவு சின்னதானாலும் அப்படி அடுக்கினால் வளர்ந்து தலைகாட்டிவிடும். எதுவும் தலைகாட்டவில்லை.

இயக்குநர் வந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையை நெடுநேரம் பார்த்தார்.

"யார் தப்பு?"

"என் தப்பு சார். நான் வரைஞ்ச படம், நான் எழுதின நிரல். கண்டுபிடிச்சது ஃபிட்டர்."

"அறிக்கையில அப்படியே எழுதுங்க," என்றார். மேஜையிலிருந்த தொலைபேசியை எடுத்துக் கிரேன்காரரிடம் நாளைக்கு வர வேண்டாம் என்றார். அவருக்குப் பின்னால் கதவு மூடியதும்தான் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அண்ணி பதிவேட்டைப் பேசாமல் மூடி வைத்திருக்கலாம். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். தன் வேலை போனாலும் போகட்டும் என்று வந்து நின்றாளே.

இறங்கி வந்த அண்ணி, கிரீஸ் கையைத் துடைத்தபடி கோட்டை எட்டிப் பார்த்தாள். "இதுல ஒண்ணுமே இல்லையே."

"ஆமா அண்ணி. நாலு மாசமா இந்த ஒண்ணுமில்லாததைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். நீங்க வந்து சொல்லலன்னா..."

"சரி சரி, வீட்டு ஆளுக்கு என்னடி நன்றியெல்லாம்," என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் அண்ணி. "இன்னொரு தடவை சொல்லு."