வழியனுப்ப வந்தவர்

காலணியைக் கழற்றி வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, என் கணவர் இவாவோ தரை நடுவே இருந்த அடுப்புக்குழிக்குப் பக்கத்தில், தலைமாட்டுப் பக்கமாகப் போய் உட்கார்ந்திருந்தார். வீட்டுத் தலைவர் மட்டுமே உட்காரும் இடம் அது. யாரும் குடியிராத பண்ணைவீடுதான். எங்கிருந்தோ பெயர்த்துக் கொண்டுவந்து இந்த அருங்காட்சியகத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். இருந்தாலும் எங்கள் வயதுக்காரர்கள் யாரும் அந்த இடத்தில் உட்காரத் துணிய மாட்டார்கள்.

கூரையைப் பூச்சி அரிக்காமலிருக்க அங்கே பகலெல்லாம் நெருப்பு மூட்டிப் புகை போடுவார்கள். அன்று அந்த வேலையிலிருந்த நொமோதோ என்ற தொண்டர் விறகோடு உள்ளே வந்தார். என் கணவர் அவரைப் பார்த்து, “வாங்க, வாங்க. குளிர்ல வந்திருக்கீங்க, இப்படி நெருப்புப் பக்கமா உட்காருங்க” என்றார்.

நொமோதோ என்னைப் பார்த்தார். நான் தலைகுனிந்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. விறகை ஓரமாக வைத்துவிட்டு விருந்தாளிகள் உட்காரும் பக்கம் போய் முழங்காலிட்டு உட்கார்ந்தார்.

எனக்குத்தான் எதுவும் புரியவில்லை. இவர் பிறந்தது கவாசாகி நகரில், ஒரு சலவைக்கடை மாடியில். வேலையிலிருந்த காலமெல்லாம் அங்கேயே நகரப் பேருந்து ஓட்டினார். புல் வேய்ந்த கூரையின் கீழ் ஒருநாளும் இருந்ததில்லை. நினைவு தப்பத் தொடங்கியதிலிருந்து, எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு சாயங்காலமானால் “வீட்டுக்குப் போகலாம்” என்பார். சலவைக்கடையைச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். இது யாருடைய வீடு? இவருக்குள் எப்படி வந்தது?

இருவரும் பனியைப் பற்றியும் அந்த வருஷத்து முள்ளங்கியைப் பற்றியும் பேசினார்கள். நடுவில் இவர் குரலைத் தாழ்த்தி, “எங்க வீட்டுக்காரி டீ கொண்டு வருவா. கொஞ்சம் மெதுவாத்தான் வருவா, கோவிச்சுக்காதீங்க” என்றார். விறகுப் பக்கம் உட்கார்ந்திருந்த நான், எழுந்து டீ தேடுவதா, பேசாமல் இருப்பதா என்று தெரியாமல் விழித்தேன்.

மூடும் நேரத்துப் பாட்டு ஒலிபெருக்கியில் கேட்டது. கிளம்பலாமா என்று கேட்டேன்.

“விருந்தாளி உட்கார்ந்திருக்கறப்ப எங்க கிளம்பறது? இது என் வீடு.”

போன வாரம் முதியோர் பகல்நேரக் காப்பகத்தில் இப்படித்தான் தூணைப் பிடித்துக்கொண்டார். விரல்களைப் பிரித்தெடுத்துத்தான் கூட்டி வந்தார்கள். அன்று இவர் முகத்தில் கண்ட பயத்தை இன்னொரு முறை பார்க்க எனக்குத் தெம்பில்லை. மனதுக்குள் அமிதா புத்தரைக் கூப்பிட்டேன்.

நொமோதோ தணலைச் சாம்பலால் மூடினார். பிறகு இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, நெற்றி படும்படி வணங்கினார்.

“ரொம்ப நேரம் தொந்தரவு குடுத்துட்டேங்க. உத்தரவு வாங்கிக்கறேன்.”

“இன்னும் கொஞ்சம் இருந்துட்டுப் போகலாமே” என்று முறைக்குச் சொல்லியபடியே இவர் எழுந்துவிட்டார். விருந்தாளியை வாசலோடு அனுப்புகிறவர் யாருண்டு? தானே காலணியை மாட்டிக்கொண்டு, அருங்காட்சியகத்தின் வெளிக்கதவைத் தாண்டித் தெருவரை வந்தார்.

போகிறவர் கண்ணுக்கு மறையும்வரை நின்றாக வேண்டும். நொமோதோ அந்தக் குளிரில் கம்பளிச் சட்டைகூட இல்லாமல் சரிவில் இறங்கினார். பாதி வழியில் திரும்பி வணங்கினார். இவரும் வணங்கினார். வளைவில் மறுபடியும் திரும்பினார். அவர் சுற்றிக்கொண்டு வந்து இன்னும் கதவடைக்க வேண்டும். ஆனாலும் அவசரப்படவில்லை.

அவர் மறைந்ததும் இவர் என் பக்கம் திரும்பி, அதே மரியாதையோடு குனிந்தார்.

“நீங்க எந்தப் பக்கம் போகணும்மா?”

“கவாசாகிங்க” என்றேன்.

“இருட்டப் போகுதே. தனியா எப்படிப் போவீங்க? வாங்க, நானும் வர்றேன்.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நன்றி சொன்னேன். என்னை ஓரமாக நடக்கவிட்டு, வண்டிகள் போகும் பக்கம் இவர் வந்தார். முகம் தெரியாத ஒருத்தியின் நடைக்காகத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு.