மார்கழி விரதத்தில் திறந்த கோழிக்கடை

தொண்ணூறுகளில் மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருந்த தமிழரை இரண்டாகப் பிரிக்கலாம். எலிசாவின் கடைக் கோழிதான் உலகத்திலேயே திறம் என்று சொன்னவர்கள் ஒரு பக்கம். அதைச் சொல்லாமல் வாங்கிச் சாப்பிட்டவர்கள் மறு பக்கம். அரசியல், சீட்டு, கோயில் நிர்வாகம் என்று எல்லாவற்றிலும் ஆளுக்கொரு மூலையில் நின்ற சனம் இந்த ஒரு விஷயத்தில்தான் ஒற்றுமையாக இருந்தது.

அந்த ஒற்றுமை சும்மா வந்ததில்லை. வந்த புதிதில் பார்பிக்யூ என்று பலகை போட்ட எல்லாக் கடைகளிலும் நாங்கள் ஏறி இறங்கினோம். வில்லரேயில் கஸ்தோன் என்ற கிழவரின் கடையில் கோழியைக் கம்பியில் கோத்துச் சுற்றவிடுவார்கள். கூடவே சின்னக் கிண்ணத்தில் மண்ணிறக் குழம்பு ஒன்று தருவார்கள். உருளைக்கிழங்குப் பொரியலைத் தோய்த்துச் சாப்பிடுவதற்கு அது. எங்கள் ஆட்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, எங்கள் தேங்காய்ப்பால் சொதி மாதிரியாக்கும் என்று சோற்றில் ஊற்றிக் குழைத்துவிட்டு, "சீனியை விட்டுக் கெடுத்துப்போட்டாங்கள்" என்று கஸ்தோனையும் அவர் பரம்பரையையும் பேசினார்கள். ஜோன் தலோன் தெருவில் கிரேக்கர் வாட்டிய கோழியில் தேசிக்காய்ப் புளி மட்டும் இருந்தது. காய்ச்சலில் கிடப்பவர்களுக்கு நல்லது.

எலிசா போர்த்துக்கல்காரி. கோழியை நடுவால் பிளந்து விரித்து, கரி நெருப்புக்கு மேல் கம்பித்தட்டில் போட்டு, கொச்சிக்காய் எண்ணெயைத் தூரிகையால் பூசிப் பூசி வாட்டுவாள். உறைக்கும். எங்களுக்கு வேறென்ன வேண்டும்? அப்படியும் நாங்கள் அந்தக் கோழியைச் சும்மா விட்டோமா? வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிய்த்து, வெங்காயமும் கறிவேப்பிலையும் தூளும் போட்டு இன்னொருதரம் பிரட்டினோம். அது எப்படியோ எலிசாவின் காதுக்குப் போனது. சமைத்த கோழியைத் திரும்பவும் சமைக்கிற மனிதர்களுக்குத் தன் கடையில் என்ன வேலை என்று கேட்டு, அவளிடம் நெருப்படியில் வேலை செய்த கிருபானந்தனோடு ஒரு கிழமை முழுக்கக் கதைக்கவில்லை.

கிருபானந்தன் எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடி. நான் இரண்டாம் மாடி. அவர்கள் வீட்டு நிலம் என் வீட்டு முகடு என்பதால் சில விஷயங்கள் நான் கேட்காமலே காதில் விழும். தொண்ணூற்றேழு இலையுதிர் காலத்தில் எலிசாவுக்கு முழங்கால் முடியாமல் போய்க் கடையை மூடியதும், அந்தக் கம்பித்தட்டை அவள் கிருபானந்தனுக்கே கொடுத்ததும் எனக்கு அப்படித்தான் தெரியவந்தது. ஒரே ஒரு கட்டளை: தண்ணீரும் சவர்க்காரமும் அதில் படக்கூடாது. சூடாக இருக்கும்போதே பாதி வெங்காயத்தால் தேய்த்து எண்ணெய் பூச வேண்டும். அவ்வளவு காலக் கோழி நெய்யும் அந்த இரும்பில் ஏறியிருந்தது. ருசியே அதில்தான் இருக்கிறது என்றாளாம்.

தட்டு கிடைத்ததும் கிருபானந்தனுக்குக் கடை ஆசை வந்துவிட்டது. எங்கள் தெரு மூலையில் சப்பாத்துத் தைக்கும் கடை இருந்த இடத்தை வாடகைக்கு எடுத்தார். அவர் மனைவி புஷ்பராணிக்கு அது துண்டாகப் பிடிக்கவில்லை. ரொறன்ரோவில் இருந்த அவள் தமையன் பேரின்பநாதன், "உங்கை பிரெஞ்சுக்காரரோடை கிடந்து என்ன செய்யிறியள்? இஞ்சை வாங்கோ" என்று ஞாயிறு தவறாமல் தொலைபேசி எடுக்கும் காலம் அது. மாதத்துக்கு ஒரு குடும்பமாவது வாடகை வண்டியில் கட்டில் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் மேற்கே போய்க்கொண்டிருந்தது.

"நான் சொல்லுறன் கேளுங்கோ," என்று ஒருநாள் என் முகட்டுக்கு மேலே புஷ்பராணியின் குரல் கேட்டது. "ஜனவரி முடியுமட்டும் பாப்பம். சனம் வராட்டி நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அண்ணையிட்டைப் போறன். நீங்கள் விரும்பினா வாங்கோ."

"வரும் ராணி, சனம் வரும்."

"வரட்டும். அதுமட்டும் நான் உந்தக் கடைப் படி மிதிக்கமாட்டன்."

சப்பாத்துத் தைப்பவரும், எலிசாவும், இனிக் கிருபானந்தனுமா என்று எனக்குப் பெருமூச்சு வந்தது. மேலே காலடிச் சத்தம் இல்லாத வீட்டில் எப்படி இருப்பது?

ஜனவரி முதல் சனிக்கிழமை கடை திறந்தது. புதுவருஷம் கழிந்த கையோடு எலிசாவின் கடையில் கோழி பறந்து போகும். வான்கோழி தின்று அலுத்த சனம் வரிசையில் நிற்கும். அந்தக் கணக்கில்தான் கிருபானந்தன் நாள் குறித்திருந்தார். நான் காலையிலேயே போய் எட்டிப் பார்த்தேன். வாசலில் மாவிலைக்குப் பதிலாக ஏதோ ஒரு பச்சை இலை, உள்ளே ஊதுபத்தி, அதற்கு மேலே கோழி வாசம்.

"வாங்கோ சிவநேசமக்கா, முதல் கோழி உங்களுக்குத்தான்!"

"தம்பி, இண்டைக்கு என்ன நாள் தெரியுமே?"

"சனிக்கிழமை."

"விரதம் தொடங்கின நாள். மார்கழித் திருவாதிரை முடியுமட்டும் எங்கடை ஆக்கள் ஒருத்தர் வீட்டிலையும் மச்சம் மாமிசம் இல்லை."

அவர் சுவரைத் திரும்பிப் பார்த்தார். அங்கே தொங்கியது இறைச்சி அனுப்பும் நிறுவனம் கொடுத்த நாள்காட்டி. அந்தோனியாரும் சூசையப்பரும் இருந்தார்கள். திருவாதிரை இல்லை. கோழிகளுக்கு நடுவே இத்தனை வருஷம் நின்ற மனிதர் பஞ்சாங்கத்தை மறந்துபோனார்.

"ஐயோ அக்கா. கோழியெல்லாம் பிளந்து வைச்சிட்டன்."

"குளிர்ப்பெட்டிக்குள்ளை வை. வேறென்ன செய்யிறது?"

மத்தியானத்துக்குள் செய்தி பரவிவிட்டது. யார் சொன்னது என்று என்னைக் கேட்காதீர்கள், கீழே துணி தோய்க்கும் அறையில் நாலு பேர் நின்றோம். கோயில் தலைவர் தியாகலிங்கம் மாலைப் பூசைக்குப் பிறகு, "விரதத்திலை கோழிக்கடை திறந்த முதல் சைவன் எங்கடை ஊரிலைதான் இருக்கிறான்" என்று அறிவித்துக் கும்பிட்டார். அவர் எலிசாவின் கடையில் இரட்டைக் கோழி வாங்குபவர் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தவர் ஒரே ஒருவர். பக்கத்து நகரமான லவாலில் இருந்த பேராசிரியர் உமாபதி. சென்னைக்காரர், அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்தில் படித்தவர். எலிசா காலத்திலிருந்தே கிருபானந்தனின் ஆள். அவர் மனைவி அனுசூயா முட்டைகூடத் தொடாதவர். ஆகவே பேராசிரியர் காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, தொப்பியைக் கீழே இழுத்துக்கொண்டு வந்து, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிடுவார்.

"மெம்பிஸ்ல தெருவுக்குத் தெரு பார்பிக்யூ கடைதான். ராத்திரி பூரா புகையிலயே வச்சு வேக வைப்பாங்க. அத சாப்பிட்டவனுக்கு இதையெல்லாம் பார்பிக்யூன்னு சொல்ல மனசு வராது, கிருபா," என்றார் எலும்பை உறிஞ்சியபடி. "இன்னொரு கால் வைங்க."

ஒரு பேராசிரியரின் இரண்டு காலை நம்பி ஒரு கடை நடத்த முடியாது. மேலே வீட்டில் புஷ்பராணி பெட்டிகளைச் சேர்க்கத் தொடங்கினாள். வெறும் பெட்டியை இழுக்கும் சத்தத்துக்கும் நிறைந்த பெட்டியை இழுக்கும் சத்தத்துக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் மழை தொடங்கியது. மழைதான், ஆனால் விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறைந்தது. மரக்கிளைகள், மின்கம்பிகள், படிக்கட்டுகள், நிறுத்திய கார்கள், எல்லாவற்றிலும் விரல் மொத்தத்துக்குப் பனிக்கட்டி. பார்க்க அழகுதான். பிறகு கிளைகள் முறியத் தொடங்கின. கம்பிகள் அறுந்தன. அந்தக் கிழமை முடிவதற்குள் எங்கள் தெருவில் மின்சாரம் போய்விட்டது. எங்களுக்குச் சூடும் மின்சாரம், அடுப்பும் மின்சாரம். மெழுகுதிரியில் தேநீர் கொதிக்க வைக்க முடியுமா என்று நான் பார்த்தேன். முடியாது.

தெருவில் நெருப்பு இருந்த ஒரே இடம் கிருபானந்தனின் கடை. கரிக்கு மின்சாரம் எதற்கு? புகைவிசிறி நின்றுபோனதால் முன்கதவையும் பின்கதவையும் திறந்துவிட்டு நெருப்பை வளர்த்திருந்தார். முதலில் குளிர்காய இரண்டு பேர் வந்தார்கள். பிறகு பத்துப் பேர். பிறகு படுக்கைப் போர்வையோடு கட்டடம் முழுக்க வந்தது. கடைக்குச் சனம் வந்துவிட்டது, ஆனால் ஒருவரும் சாப்பிட வரவில்லை.

"எல்லாருக்கும் கோழி போடுறன், சும்மா சாப்பிடுங்கோ," என்றார் கிருபானந்தன்.

எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டில் இருந்த கிரேக்கரும் எதிர்வீட்டுப் பிரெஞ்சுக் கிழவியும் வாங்கினார்கள். எங்கள் சனம் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் பார்த்தது. தியாகலிங்கம் அடுப்புக்குக் கிட்ட நின்று கண்ணை மூடி மூச்சை நீளமாக இழுத்தார். தியானம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் புஷ்பராணி வந்தாள். இரண்டு கையாலும் ஒரு பெரிய சோற்றுப் பானையை அணைத்துக்கொண்டு, வழுக்கும் படியை ஒருமுறை பார்த்துவிட்டு, மிதித்து உள்ளே ஏறினாள்.

"உந்தக் கம்பித்தட்டைத் தூக்குங்கோ."

"தூக்கி எங்கை வைக்கிறது?"

"வெளியிலை வையுங்கோ. பிள்ளையள் பசியோடை நிக்குதுகள், சோறு காய்ச்ச வேணும்."

"ஈரம் பட்டாக் கறள் பிடிச்சிடும், ராணி. பேந்து கோழி இந்தக் கோழியா இராது. கடையே அதிலைதான் கிடக்கு."

"அப்ப அதைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ. நான் போறன்."

கிருபானந்தன் தட்டைப் பார்த்தார். சுற்றி நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு தன் குளிர் அங்கியைக் கழற்றி, சூடான தட்டை இடுக்கியால் தூக்கி, ஆறவிட்டு, அந்த அங்கியால் சுற்றிக்கொண்டுபோய்ப் பின்வாசலில் வைத்தார். கோழிப் பெட்டிகளும் அதன் பக்கத்துக்குப் போயின. திரும்பி வரும்போது சட்டையோடு நடுங்கினார்.

"தம்பி, உந்த அடுப்பிலை மச்சம் பட்டிருக்குமே?" என்றார் தியாகலிங்கம்.

"கோழிக்கடை அடுப்பிலை பின்னை என்ன அண்ணை படும்?"

தியாகலிங்கத்தின் வயிறு எங்கள் எல்லாருக்கும் கேட்க ஒருமுறை கத்தியது. "பழைய கரியை அள்ளிக் கொட்டிப்போட்டுப் புதுக்கரி போடு. ராணி, மஞ்சள் தண்ணி தெளி பிள்ளை. நெருப்புக்கு என்ன மச்சம்? நெருப்பு நெருப்புத்தானே."

கோயில் நிர்வாகக் கூட்டத்தில் அவர் இவ்வளவு விரைவாக ஒரு முடிவெடுத்து நான் கண்டதில்லை.

செங்கல் அடுக்கிப் பானை ஏறியது. வீடு வீடாகப் பருப்பும் தேங்காய்ப்பாலும் உருளைக்கிழங்கும் வந்தன. யாரோ ஒரு பை கத்தரிக்காய் கொண்டுவந்தார்கள். கிருபானந்தனுக்குக் கை சும்மா இருக்குமா? கத்தரிக்காயைக் கோழி மாதிரியே பிளந்து விரித்து, தணலில் வைத்துத் திருப்பித் திருப்பி, எலிசாவின் கொச்சிக்காய் எண்ணெயைப் பூசினார். அந்த எண்ணெயில் உள்ளியும் தேசிக்காயும்தான், மச்சம் இல்லை. நான் கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டேன். வெந்ததைப் புஷ்பராணி தோல் உரித்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் பாலும் விட்டுச் சம்பலாகப் பிசைந்தாள். கோழி தின்று முடித்த கிரேக்கர் மறுபடி தட்டை நீட்டினார்.

அந்த நேரம் பார்த்துக் கதவடியில் பேராசிரியர் உமாபதி. பக்கத்தில் அனுசூயா. பேராசிரியரின் முகம் வெளியே தொங்கிய பனிக்கட்டியின் நிறத்தில் இருந்தது.

"வீட்ல ஹீட்டர், அடுப்பு எல்லாம் போயிடுச்சுங்க," என்றார் அனுசூயா எங்களிடம். "இவர்தான் பார்க் எக்ஸ்டென்ஷன்ல ஒரு சைவ மெஸ்ல வாராவாரம் சாப்பிடறேன், கரி அடுப்புன்னு சொல்லிட்டிருப்பார். அங்க கூட்டிட்டுப் போங்கன்னேன். வரவே மாட்டேன்னு ஒரே அடம்."

கடைப் பலகையில் கோழிப் படம் இருந்தது. ஆனால் விரல் மொத்தப் பனிக்கட்டிக்குள் அது கோழியா கோபுரமா என்று சொல்ல முடியாது. அனுசூயா பானைகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தார். சோறு. பருப்பு. சொதி. கத்தரிக்காய். கணவன் பக்கம் திரும்பினார்.

"நிஜமாவே சைவம்தான். நான்தான் உங்கள சந்தேகப்பட்டுட்டேன்."

என் நாக்கு எப்படித் துடித்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். கிருபானந்தன் முந்திக்கொண்டார்.

"என்ன சேர், வழமையா எடுக்கிறதுதானே?"

"ஆ... ஆமா கிருபா," என்றார் பேராசிரியர். "கத்திரிக்கா."

மின்சாரம் வரும்வரை அந்த அடுப்பு அணையவில்லை. நாங்கள் எல்லாரும் அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே சண்டை பிடித்து, அங்கேயே போர்வையோடு தூங்கி வழிந்தோம். மொன்றியலில் நான் கழித்த குளிர்காலங்களில் குளிராத குளிர்காலம் என்றால் எனக்கு அதுதான்.

திருவாதிரை முடிந்த மறுநாள் கிருபானந்தன் தட்டை உள்ளே எடுத்தார். பயந்தபடியே ஓரமெல்லாம் செம்மண் நிறத்தில் கறள். வெங்காயத்தால் தேய்த்தார், எண்ணெய் பூசினார், வெறும் நெருப்பில் காய்ச்சினார். அப்படியும் முதல் கோழிகளின் தோல் ஒட்டிக் கிழிந்தது. எலிசாவின் ருசி இல்லை. அதை முதலில் சொன்னவர் தியாகலிங்கம், இரண்டாவது கோழியை முடித்த பிறகு. ஆனால் சனம் வந்தது. வந்த சனம் கோழியோடு அந்தக் கத்தரிக்காய்ச் சம்பலும் கேட்டது. கொஞ்சம் சோறு இருந்தால் நல்லது என்றது. அந்தச் சம்பலோடு சாப்பிட்டபோது, வீட்டுக்குக் கொண்டுபோய் மறுபடி பிரட்ட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சம்பல் பிசையத் தான் வேலை செய்த தொழிற்சாலையில் ஒரு கிழமை லீவு கேட்டாள் புஷ்பராணி. ஒரு கிழமைதான் என்று எல்லாருக்கும் சொன்னாள்.

இப்போது அந்த மூலையில் கைத்தொலைபேசி விற்கிறார்கள். அன்று போர்வையோடு நின்றவர்களில் பாதிப்பேர் ரொறன்ரோவில், மீதிப்பேர் லவாலில் வீடு வாங்கி, காஸ் அடுப்பில் கோழி வாட்டி, விருந்தினரிடம் அது திறம் என்று சொல்கிறார்கள். நான் சாப்பிட்டிருக்கிறேன். ஒன்றும் சொல்வதில்லை. திரும்பி வரும் வழியில் அந்த ஜனவரிக் கடைசி ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொள்வேன்.

அன்று பின்னேரம் வரிசை கதவுக்கு வெளியே போயிருந்தது. வீட்டில் எடுத்து ஆள் இல்லாமல் பேரின்பநாதன் கடைக்கே தொலைபேசி எடுத்துவிட்டார். புஷ்பராணி ஒரு கையில் சம்பல் கரண்டியோடு, தோளால் தொலைபேசியைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றாள். நான் வரிசையில் முன்னுக்கு நின்றேன். தமையனின் குரல் எனக்கே கேட்டது.

"ஜனவரி முடியுது. எப்ப வாறியள்? வீடு பாத்து வைச்சிட்டன்."

புஷ்பராணி திரும்பி நெருப்படியைப் பார்த்தாள். கிருபானந்தன் கோழியைத் திருப்பாமல் அப்படியே இடுக்கியைப் பிடித்தபடி நின்றார். ஒரு பக்கம் கருகும் வாசம் வந்தது.

"கோழி கருகுது, பாருங்கோ!" என்று அவரைப் பார்த்துக் கத்திவிட்டு, தொலைபேசியில் சொன்னாள்: "அண்ணை, பேந்து எடுக்கிறன். ஆக்கள் நிக்கினம்."